கறுப்புக்கு அடியில் ஓர் ஆறு

ஹனோய்
3 அக்டோபர் 1993

தோவா,

ஏழு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. உனக்கு அண்ணன் மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். அதனால் முதல் கடிதம் என்னிடமிருந்தே போகட்டும். இது மன்னிப்புக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு வரிக்கு வரி தேடாதே.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் தேநீர்க் கடையில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது தப்புதான். "வயிறு நிறைஞ்ச பூனை எலி பிடிக்குமா? இனிமே இவ வரைஞ்ச மாதிரிதான்" என்று சொல்லியிருக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் கண்காட்சி. நம் ஆற்றுப் படத்துக்கு நடுச்சுவர் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு பலகையில் இரண்டு உன்னிடம், இரண்டு என்னிடம். நான்கும் கடைசி அரக்குப் பூச்சுக்குள் கறுப்பாகக் கிடக்கின்றன. உன் இரண்டாம் பலகையிலிருந்து என் மூன்றாம் பலகைக்கு ஆறு வர வேண்டும். நீ ஓர் ஆழத்தில் தேய்த்து நான் வேறோர் ஆழத்தில் தேய்த்தால் உன் பக்கம் தண்ணீர் பளபளக்கும், என் பக்கம் சேறாக இருக்கும். ஆகவே உன் பலகைகளை இங்கே அனுப்பிவிடு. நானே நான்கையும் ஒரே கையால் தேய்த்து முடிக்கிறேன்.

பதினோரு வருஷம் ஒரே பட்டறையில் ஒரே வாளித் தண்ணீரில் கை கழுவினோம். உன் மூலையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. உன் "தூறல்" படம் மட்டும் அங்கே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "என்ன துக்கத்துல வரைஞ்சாங்களோ" என்று நேற்றுக்கூட ஒரு பெண் கேட்டாள். அந்தக் குளிர்காலம் மாதிரி இன்னொரு குளிர்காலம் உனக்கு வாய்க்காது. வாத்து வளர்ப்பவரின் மனைவிக்கு எங்கே வாய்க்கும்?

பலகைகளை ஈரத் துணியில் சுற்றி அனுப்பு.

லியூ


தாம் நோங்
20 அக்டோபர் 1993

லியூ அண்ணா,

பூனை நலம். எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாத்து வளர்ப்பவர் என்ற இடம் வந்ததும் கியெம் தலையாட்டினார். "சரியாத்தானே எழுதியிருக்கார்" என்றார். அவரைச் சீண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நான் எட்டு மாதமாக முயன்று பார்த்துவிட்டேன்.

அவருக்கு நம் வேலை இன்னும் பிடிபடவில்லை. நான் வந்த புதிதில் பலகைகளைப் பிரித்துக் காட்டியபோது கன்னங்கரேல் என்று இருந்ததைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வரைஞ்சு, வெள்ளி ரேக்கு ஒட்டி, முட்டை ஓடு பதிச்சு, அதுக்கு மேல எல்லாத்தையும் கறுப்பு அரக்கு பூசி மூடிட்டு, அப்புறம் உப்புத்தாளால தேய்ச்சு அதையே தேடுறீங்க. சரியா?" சரி என்றேன். "மூடாமலே விட்டிருந்தா?" என்றார். நான் பதினோரு வருஷமாக உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி.

பிறகு பலகையைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அரைகுறையாகக் காய்ந்த அரக்கைத் தொட்டுவிட்டார். மறுநாள் அரக்கின் நஞ்சு ஏறி முகமெல்லாம் வீங்கிக் கண் திறக்கவில்லை. நட்சத்திரப் பழ மரத்தின் இலையைக் கொதிக்கவைத்து மூன்று நாள் குளிப்பாட்டினேன். அந்த வீங்கின முகத்தோடு சிரிக்கிறார், அண்ணா. "உன் படம் என்னைப் பார்த்துப் பயந்துடுச்சு போல" என்கிறார்.

பலகைகளை அனுப்ப மாட்டேன். என் பக்கத்தை நானே தேய்ப்பேன். ஆழம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வெள்ளி ரேக்குக்கு மேல் மூன்று பூச்சு, அதில் இரண்டைத் தேய்த்து ஒன்றை விட வேண்டும், ஆறு தேன் நிறத்தில் வரும். நீங்களும் அங்கேயே நில்லுங்கள், போதும். சேரும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் உண்மையைச் சொல்கிறேன். இங்கே வந்ததிலிருந்து புதிதாக ஒரு கோடும் போடவில்லை. விடிந்ததும் குளத்தின் மேல் பனி நிற்கிறது. வாத்துகள் அதற்குள் போகின்றன, சத்தம் மட்டும் வருகிறது, பிறகு எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தால் பத்து மணி ஆகிவிடுகிறது. இதற்கு உங்கள் அகராதியில் சோம்பல் என்று பேர். என் அகராதியில் இன்னும் பேர் வைக்கவில்லை.

தோவா


ஹனோய்
9 நவம்பர் 1993

தோவா,

பேர் நான் வைக்கிறேன். அதற்கு முடிவு என்று பேர்.

கோபப்படாமல் கேள். நமக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் நன்றாக வரைந்தார்கள்? அவர்களுக்கு நல்ல வீடும் நல்ல துணையும் அமைந்த பிறகு என்ன ஆனார்கள்? தாமரை வரைந்தார்கள். தாமரைக்கு அப்புறம் பொன் மீன் வரைந்தார்கள். மனசில் ஒரு குறை இருக்க வேண்டும், தோவா. பல் வலிக்கிறவனுக்கு நாக்கு அங்கேயே போவது போல, குறை இருக்கிற இடத்துக்குத்தான் கையும் போகும்.

நான் கண்ணால் பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குளிர்காலத்தில், தினமும் மூன்று மணிக்குத் தபால்காரர் சந்துக்குள் திரும்பும் நேரத்தில் நீ எழுந்து போய்க் கதவில் சாய்ந்து நிற்பாய். அவர் நம் பட்டறையைத் தாண்டிப் போவார். நீ திரும்பி வந்து உட்கார்ந்து தேய்ப்பாய். நான்கு மாதம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அந்த நான்கு மாதத்தில்தான் "தூறல்" வந்தது. அந்தச் சாம்பல் நிறத்தை உனக்கு முன்னால் யாரும் அரக்கிலிருந்து எடுத்ததில்லை. உனக்குப் பின்னால் நீயே எடுக்கவில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டால், மூன்றாம் பலகையை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு கரையோரம் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். கை ஒரே அழுத்தத்தில் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயசாகிறது, கை நடுங்குகிறது என்று வைத்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி உன் கணவர் ஏதாவது பேசுவாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

லியூ


தாம் நோங்
1 டிசம்பர் 1993

லியூ அண்ணா,

அவர் எந்தக் குளிர்காலத்தைப் பற்றியும் பேசுவதில்லை. இந்தக் குளிர்காலத்தைப் பற்றிக்கூட "குளிருதில்ல?" என்று காலையில் ஒரு முறை கேட்பார், அதோடு சரி. எதற்காகக் கேட்டீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் என்னைப் பார்க்கவே இல்லையா நீங்கள்?

நான் கதவில் சாய்ந்து நின்றது தூறலைப் பார்க்க. அந்தச் சந்தில் மூன்று மணிக்குத்தான் மேற்கு வெளிச்சம் தூறலுக்குள் வந்து விழும், பத்து நிமிஷம் இருக்கும். தபால்காரர் அந்த நேரத்தில் வந்தது அவர் பாடு.

உங்களிடம் அப்போது முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்துக்கு முந்தைய அக்டோபரில் அரக்கு மரத்தின் பால் வாங்க இந்த ஊருக்கு வந்தேனே, படகில் ஒருவர் கூடை கூடையாக வாத்தோடு ஏறினார், ஒரு வாத்து என் தொப்பியைப் பிடித்து இழுத்தது. அதுவரை உங்களுக்குத் தெரியும். அக்கரை வந்ததும் நான் இறங்கினேன். அவர் கூடைகளை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு படகுக்காரருக்குக் காசு கொடுக்க மறுபடி படகில் ஏறி நின்று, "அடுத்த பருவத்துக்கும் பால் வாங்க வருவீங்கள்ல? வாங்க" என்றார். வருகிறேன் என்றேன். அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். இறங்க மறந்துவிட்டார், அண்ணா. படகு அவரை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. வாத்தெல்லாம் இந்தக் கரையில், அவர் நடு ஆற்றில். தூரத்திலிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அந்த நான்கு மாதமும் நான் அந்தப் படகில்தான் இருந்தேன். எதற்காகவும் ஏங்கவில்லை. அவர் எழுதுவார் என்று எதிர்பார்க்கவும் இல்லை. வாயைத் திறக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனுஷர் எங்கே எழுதப் போகிறார் என்று நினைத்தேன். பருவம் வந்தால் போவேன், அவர் இருப்பார், அவ்வளவுதான். குளிரில் கையைப் பையில் விட்டால் சூடாக ஒரு வேகவைத்த கிழங்கு இருக்குமே, அந்த மாதிரி அது என்னிடம் இருந்தது. அதனால்தான் சாம்பல் நிறம்கூட எனக்கு அழகாகத் தெரிந்தது. அவசரமே இல்லாமல் முப்பது பூச்சு போட்டேன். ஒவ்வொன்றும் தானாகக் காயும் வரை விட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் வேலை செய்ததில்லை. ஜனங்கள் அதைத் துக்கம் என்கிறார்கள் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்களுமா?

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மனசு நிறைந்திருந்தால் உப்புத்தாளைக் கையில் எடுக்க மறந்துபோகிறது. ஆனால் எடுத்துவிட்டால் கை தப்புவதில்லை. நேற்று முதல் பலகையை நனைத்தேன். கறுப்புக்குள்ளிருந்து முதலில் கரை வந்தது, பிறகு வாழைத் தோப்பு வந்தது, சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஒரு முழம் வந்துவிட்டது. தேன் நிறம்தான். கியெம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னும் உள்ள யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கை நடுக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். அரிசிச் சாராயத்தைக் குறையுங்கள்.

தோவா


ஹனோய்
22 டிசம்பர் 1993

தோவா,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். பதினோராவது தடவைக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

இதனுடன் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. உன் பேருக்கு வந்தவை. முதலாவது 1991 நவம்பர் கடைசியில் வந்தது. இரண்டாவது ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. அந்த இரண்டு நாளும் நீ கதவுக்கு வராமல் அரக்கு காயவைக்கும் ஈர அறையில் பலகைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாய், தபால்காரர் இரண்டு தடவையும் என் கையில் கொடுத்தார். உறை ஒட்டிய இடத்தில் ஒரு வாத்து இறகு சிக்கியிருக்கிறது. யாரிடமிருந்து என்று பார்த்ததும் தெரிந்தது.

முதலாவதை அன்றே கொடுத்திருப்பேன். நீ உன் மூலைக்குத் திரும்பியதும் உன் பின்னால் வந்து நின்றேன். நீ அந்தச் சாம்பல் நிறத்தின் முதல் விரல் அகலத்தைத் தேய்த்து எடுத்திருந்தாய். இதை இப்போது கொடுத்தால் இவள் சிரிப்பாள், எழுந்து போவாள், இந்த நிறம் திரும்ப வராது என்று நினைத்தேன். படம் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று வெள்ளி ரேக்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். படம் முடிந்தபோது இரண்டு கடிதங்கள் இருந்தன. அப்போது எப்படிக் கொடுப்பது? நீயே அரக்குப் பால் வாங்கக் கிளம்பிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாய். இனித் தேவையில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிரிக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது, பார்த்துக்கொள். அந்த ஒரு யோக்கியதை மட்டும் மிச்சம்.

உன் ஏக்கத்தால்தான் "தூறல்" உண்டானது, அதைக் காப்பாற்றியது நான் என்று இரண்டு வருஷம் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பெருமையும் போய்விட்டது. நான் எதையும் காப்பாற்றவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவரிடமிருந்து திருடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் கை நடுங்குவது சாராயத்தால் இல்லை.

லியூ


தாம் நோங்
2 ஜனவரி 1994

இரண்டு கடிதமும் கிடைத்தன.

எனக்கு எழுதாதீர்கள்.

தோவா


ஹனோய்
26 ஜனவரி 1994

தோவா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். பதில் போட வேண்டாம், அடுப்பில் போட்டாலும் சரி.

கண்காட்சிக்காரர்களிடம் நடுச்சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்னங்க, கடைசி நேரத்துல இப்படிக் கைவிரிச்சா எப்படி?" என்று குதித்தார்கள். ஆறு இன்னும் வரவில்லை என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த ஒரு மாதமாக வேலை இல்லை. உன் மூலையில் போய் உட்கார்ந்து "தூறல்" படத்தைப் பார்க்கிறேன். வலது ஓரத்தில், சந்தின் கடைசி ஜன்னலில், மஞ்சளாக ஒரு புள்ளி வைத்திருக்கிறாயே, அதை அணையப் போகிற விளக்கு என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். நேற்று கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த மஞ்சளைச் சுற்றித் தூறல் கொஞ்சம் கலைந்திருக்கிறது, உள்ளே யாரோ அடுப்பு மூட்டியிருந்தால் ஆவி கலைக்கிற மாதிரி. அது அணைகிற விளக்கு இல்லை. யாரோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன். கண் இருந்து என்ன பயன்!

லியூ


தாம் நோங்
20 பிப்ரவரி 1994

லியூ அண்ணா,

சந்திரப் புத்தாண்டு போய்விட்டது. உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல மனசு வரவில்லை, அதனால் பத்து நாள் தள்ளி எழுதுகிறேன்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பிரிக்காமல் வைத்திருந்ததே அதிலிருந்து தப்பிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

முதலாவதில் வெள்ளம் வடிந்தது, வாத்து முட்டையிட ஆரம்பித்தது, வெள்ளை ஓடாகப் பார்த்து உங்கள் வேலைக்குச் சேர்த்து வைக்கிறேன் என்று எட்டு வரி. இரண்டாவது இரண்டு பக்கம். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வைத்தியர் கையை விரித்துவிட்டார். இங்கே வழக்கம் உங்களுக்கே தெரியும். வீட்டில் சாவு விழுந்துவிட்டால் துக்கம் கழியும் வரை கல்யாணம் கிடையாது. அதனால் அம்மா, நான் கண்ணை மூடுவதற்கு முன்னால் அந்தப் படகுப் பெண்ணைக் கூட்டிவந்து கல்யாணத்தை முடித்துக்கொள், அவளை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "அவசரப்படுத்தறேன்னு நெனைக்காதீங்க. உங்களுக்குச் சம்மதம் இல்லேன்னா ஒரு வரி போடுங்க. சம்மதம்னா வரியே வேண்டாம், வந்துடுங்க" என்று முடித்திருக்கிறார்.

நான் வரியும் போடவில்லை, வரவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அம்மா போய்விட்டாள். கடைசி நாள்களில் படகுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பாளாம். இது பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. அவர் சொல்லவில்லை.

ஏப்ரலில் நான் போய் இறங்கியபோது அவர் சட்டையில் துக்கத்துக்கான கறுப்புத் துண்டு குத்தியிருந்தது. "அம்மா போயிட்டாங்க" என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓராண்டு கழியட்டும் என்றார், சரி என்றேன். இரண்டு வருஷம், அண்ணா! நான் கடிதத்தைப் படித்துவிட்டு வேண்டுமென்றே வராமல் இருந்தவள் என்று நினைத்துக்கொண்டே எனக்காகக் காத்திருந்து, என்னைக் கட்டிக்கொண்டு, குடும்பமும் நடத்தியிருக்கிறார். ஒரு நாள்கூட முகத்தில் காட்டவில்லை.

கடிதங்களை அவர் முன்னால் வைத்தேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கத்தினேன். பாத்திரத்தைக்கூட விட்டெறிந்தேன். அவர் அந்தப் பாத்திரத்தை எடுத்து ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தினார். அவருடைய அரை மணி நேரம் முடிந்த பிறகு சொன்னார்:

"நீ வந்துட்டே. வந்தவகிட்ட ஏன் முன்னாடியே வரலைன்னு கேட்டா, வந்ததுக்கு என்ன மரியாதை?"

நான் என் நிறைவைக் கொண்டு உங்களிடம் எவ்வளவு பெருமையடித்தேன்! அதைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டிருந்தது இந்த மனுஷரின் மௌனம். எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலையில் போய் இரண்டாம் பலகையை நனைத்தேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் என் வலது கையில் இருந்தது. குறை இருக்கிற இடத்துக்குத்தான் கை போகும் என்றீர்களே, போயிற்று. ஒரே காலையில் கறுப்பைத் தாண்டி, தேன் நிறத்தைத் தாண்டி, வெள்ளி ரேக்கைத் தாண்டி, அடியில் பூசிய மண்ணையும் தாண்டி, பலகையில் ஒட்டிய துணி தெரிகிற வரை தேய்த்துவிட்டேன். ஆற்றின் ஓரத்தில், உங்கள் பலகையோடு சேர வேண்டிய விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பதினாறு வயசில் தொழில் பழக ஆரம்பித்த வாரத்தில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. நீங்கள் சொன்ன அந்தக் குறை எனக்கு வரைந்து கொடுத்த படம் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஒரு மாதம் பலகையைத் தொடவில்லை. புத்தாண்டுக்கு வீட்டைத் துடைக்கும்போது அடுக்களைப் பரண்மேல் ஒரு சாடி கிடைத்தது. நிறைய வெள்ளை ஓடு. முதல் கடிதத்தில் எழுதியிருந்தாரே, எனக்காகச் சேர்த்தது. அம்மா உடம்பு முடியாமல் கிடந்தபோது கழுவிக் காயவைத்தது அம்மாதானாம். "வேலை குடுத்தா அம்மாவுக்கு வலி தெரியாது. அதான்" என்றார். உள்தோலை ஒன்றுவிடாமல் உரித்திருக்கிறாள். நம் தொழில் தெரியாதவள், நம்மைவிடச் சுத்தமாக உரித்திருக்கிறாள்.

அந்த ஓட்டையை அரக்கும் மண்ணும் வைத்து மெழுகினேன். அதன்மேல் அந்த ஓடுகளைப் பதித்தேன். ஒவ்வொன்றாக அழுத்த அழுத்த, எந்த நேரத்தில் ஆத்திரம் இறங்கியது என்று தெரியவில்லை. சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் ஆற்றில் வெள்ளையாக ஒரு படகு. பாதிப் படகு. பின்பாதி என் பலகையில் முடிந்துவிட்டது, முன்பாதி உங்கள் பலகையில் வர வேண்டும்.

அதற்கு நீங்கள் உங்கள் மூன்றாம் பலகையின் விளிம்பைத் துணி தெரிகிற வரை சுரண்ட வேண்டும். நன்றாக வந்திருக்கிற வேலையை உங்கள் கையால் நீங்களே கெடுக்க வேண்டும். சாடியில் பாதி முட்டை ஓடுகளை உங்களுக்கு வைத்திருக்கிறேன்.

ஆகவே வாருங்கள். கண்காட்சி போனால் போகட்டும். வியாழக்கிழமைப் பேருந்தில் இரண்டு பலகையையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். படகுத்துறையில் கியெம் நிற்பார். அவருக்கு எல்லாம் தெரியும். நேற்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "அவர் விரால் சாப்பிடுவாரா, கெண்டையா?" என்பதுதான். இரண்டும் சாப்பிடுவார், கொடுக்காதீர்கள் என்றேன்.

என் கோபம் தீரவில்லை. நீங்கள் இருக்கிற நாளெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பேன், கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி மெருகு உள்ளங்கையால்தானே? எத்தனை நாள் தேய்க்க வேண்டுமோ, தேய்க்கலாம். இங்கே தூறல் தொடங்கிவிட்டது, ஈரக் காற்றில்தானே அரக்கு நன்றாகக் காயும்.

ஆனால் வந்ததும் பலகையைப் பிரிக்கக் கூடாது. கை கால் கழுவிவிட்டு நேரே நடு அறைக்குப் போங்கள். மாடத்தில் அம்மாவின் படம் இருக்கிறது. ஊதுபத்தியும் தீப்பெட்டியும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஏற்றிவைத்து, யார் நீங்கள், என்ன செய்தீர்கள் என்று நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன். அந்த நேரம் நான் அடுக்களையில் மீனை நறுக்கிக்கொண்டிருப்பேன், எனக்குக் காதில் விழாது.

ஊதுபத்தி அணைந்த பிறகு வாருங்கள், ஆற்றைச் சேர்ப்போம்.

தோவா